உறைந்த ஏரிக்குள் உப்பு எப்படி வந்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹற்றன் பக்கம் உயர்தர மாணவருக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். கரைதிறன் பாடத்தின்போது ஒருநாள், அந்தாட்டிக்காவில் குளிர்காலத்திலும் அநேகமாக உறையாத ஒரு குட்டையின் படத்தைக் காட்டினேன். அன்றைக்குத் தொடங்கிய கேள்விகள் இன்னும் நிற்கவில்லை. பிள்ளைகள் கேட்டார்கள், வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் பெற்றோர் கேட்டார்கள், தேநீர்க் கடையில் பெரியவர்களும் கேட்டார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை அவர்கள் கேட்டபடியே இங்கே எழுதியிருக்கிறேன். முதலிலிருந்து படித்தால் பின்னால் வருவது லேசாக விளங்கும்.

சேர், பனி கொட்டிக் கிடக்கிற இடத்தைப் போய் பாலைவனம்னு சொல்றீங்களே, எப்படி?

பாலைவனம் என்று சொல்வது வெயிலை வைத்து அல்ல, ஈரத்தை வைத்து. நாம் பேசும் இடம் அந்தாட்டிக்காவின் மக்மேர்டோ உலர் பள்ளத்தாக்குகள். 1903 டிசம்பரில் பிரித்தானிய ஆய்வுப்பயணி ஸ்கொட்டின் குழு முதலில் கண்ட இடம் இது. ஏறத்தாழ 4500 சதுர கிலோமீற்றர் நிலம் பனிக்கட்டிப் போர்வை இல்லாமல் வெறும் கல்லும் மணலுமாகக் கிடக்கிறது. உள்ளிருந்து வரும் பெரும் பனிக்கட்டியை மலைத்தொடர் தடுத்துவிடுகிறது. மேட்டிலிருந்து இறங்கும் வறண்ட காற்று இருக்கிற ஈரத்தையும் துடைத்துக்கொண்டு போகிறது.

அங்கே ஆண்டு முழுவதும் விழும் பனியைத் தண்ணீராகக் கணக்கிட்டால் 100 மில்லிமீற்றரைத் தாண்டாது. அதிலும் பெரும்பகுதி நிலத்தில் ஊறாமலே ஆவியாகிவிடும். நம் வட்டவளைப் பக்கம் ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கும் மேல் மழை. இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்திருங்கள், மூன்றாவது கேள்வியில் தேவைப்படும்.

பனி உருகினா வர்றது நல்ல தண்ணிதானே? அதுல உப்பு எங்கேயிருந்து வந்துச்சு?

நல்ல தண்ணீர்தான், ஆனால் சுத்தமான தண்ணீர் அல்ல. ஒரு லீற்றரில் மில்லிகிராம் கணக்கில் உப்பு இருக்கும். நாக்குக்குத் தெரியாது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அதே ஏரிக்கு வந்து, தண்ணீர் மட்டும் வெளியேறினால் அந்த மில்லிகிராம்கள்தான் மலையாகக் குவியும்.

அந்த உப்புக்குப் பல வாசல்கள் உண்டு. கடலலை உடையும்போது தெறிக்கும் துளிகள் காய்ந்து தூசியாகிக் காற்றில் வருவது ஒன்று. பாறை உடைந்து கரைவது இன்னொன்று, பாடநூலில் வானிலையாலழிதல் என்று படித்தோமே, அது. கடலில் மிதக்கும் நுண்பாசிகள் இருமெதைல் சல்பைட்டு என்ற வாயுவை விடுகின்றன. அது காற்றில் ஒட்சியேற்றமடைந்து சல்பேற்றாகி விழுகிறது. வானத்தின் மேலடுக்கிலிருந்து நைத்திரேற்று இறங்குகிறது, அதைத் தனியாகச் சொல்கிறேன். கடைசியாகப் பழைய கடல். இந்தப் பள்ளத்தாக்குகள் சில ஒருகாலத்தில் கடல் புகுந்த குடாக்களாக இருந்தவை. கடல் பின்வாங்கியபோது உப்பை விட்டுவிட்டுப் போனது.

நம்ம மலையிலயும் பாறைதான், மழை வேற கொட்டுது. அப்புறம் ஏன் நம்ம தண்ணி உப்பு கரிக்கல?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கேட்ட பிள்ளை தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருக்கிறாள். பதிலையும் அவள் வீட்டு வாசலிலேயே காட்டினேன். பெரிய மழை விட்டதும் தேயிலை மலையின் கானில் செந்நிறத் தண்ணீர் ஓடுகிறதல்லவா? மண் மட்டும் ஓடவில்லை. பாறையிலிருந்து பிரிந்த சோடியம், கல்சியம், மகனீசியம் அயன்களும் அதில் கரைந்து ஓடுகின்றன. கானிலிருந்து ஓடை, ஓடையிலிருந்து கொத்மலை ஓயா, அங்கிருந்து மகாவலி, பிறகு திருகோணமலைக் கடல். உப்பு இங்கே தங்குவதற்கு நேரமே இல்லை.

எவ்வளவு போகிறது என்று அறிய ஆய்வுகூடம் தேவையில்லை. தோட்டத்தில் வெள்ளை மாவு போன்ற டொலமைட்டு மூட்டை மூட்டையாக வருகிறது, தொழிலாளர்கள் அதைக் கையால் அள்ளித் தேயிலை அடியில் தூவுகிறார்கள். மழை கழுவிக்கொண்டு போன கல்சியத்தையும் மகனீசியத்தையும் திருப்பிக் கொடுக்கும் வேலை அது. நம் மண் அமிலத்தன்மையாக இருப்பதும் இந்தக் கழுவுதலால்தான்.

உலர் பள்ளத்தாக்கில் பாறை உடைவது நம் மலையைவிட மிக மெதுவாகத்தான் நடக்கிறது. ஆனால் கழுவிக்கொண்டு போக ஆளில்லை. வருகிற உப்பு சொற்பம், போகிற உப்பு இல்லவே இல்லை. ஒரு இடத்து உப்பைப் பற்றி விசாரிக்கும்போது எங்கிருந்து வந்தது என்பதோடு ஏன் போகவில்லை என்றும் கேட்கவேண்டும் என்று நான் பிள்ளைகளிடம் வற்புறுத்துவது இதனால்தான்.

அங்கேயும் ஆறு இருக்குன்னு சொன்னீங்க. அந்த ஆறு உப்பைக் கடலுக்குக் கொண்டுபோகாதா?

அங்குள்ள பெரிய ஆறு ஒனிக்ஸ். அந்தாட்டிக்காவிலேயே நீளமானது, ஏறத்தாழ 32 கிலோமீற்றர். கோடையில் இரண்டு மாதமளவில்தான் ஓடும். அது கடற்கரைப் பக்கத்துப் பனிக்கட்டியாற்றில் தொடங்கிக் கடலுக்கு முதுகைக் காட்டி உள்நாட்டுக்குள் ஓடி, ரைட் பள்ளத்தாக்கின் வண்டா ஏரியில் முடிகிறது. நம் ஆறுகளுக்கு நேர் எதிர்.

வண்டா ஏரிக்கு வெளியே போகும் வழி கிடையாது. மேலே 3, 4 மீற்றர் தடிப்பில் பனிக்கட்டி மூடியிருக்கிறது. அதன் மேற்பரப்பு உருகாமலே நேராக ஆவியாகிக் காற்றோடு போகும், அடியில் புதிய கட்டி உறையும். இப்படித் தண்ணீர் கூரை வழியாக வெளியேறுகிறது. உப்புக்கு அந்த வழியும் அடைப்பு, காரணம் அடுத்த பதிலில்.

தண்ணி உறையும்போது உப்பும் சேர்ந்து உறைஞ்சிடாதா?

பாடசாலை வாசலில் விற்கும் ஐஸ் பக்கெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முனையைக் கடித்து உறிஞ்சினால் முதலில் வருவது கடும் இனிப்பும் சாயமும். கொஞ்ச நேரத்தில் கையில் மிஞ்சுவது வெளுத்துப்போன, ருசியில்லாத கட்டி. நீர் மூலக்கூறுகள் பளிங்காக அடுக்கும்போது அந்த அடுக்குக்குள் சீனிக்கோ சாயத்துக்கோ இடமில்லை. அவை இடுக்குகளில் மிஞ்சிய கரைசலுக்குள் ஒதுக்கப்படுகின்றன. உப்புக்கும் இதே கதிதான்.

ஏரியும் மேலிருந்து உறையும்போது உப்பைக் கீழே தள்ளுகிறது. மிஞ்சும் நீர் செறிவாகிறது, செறிந்த நீர் பாரமானது, அடியில் போய்த் தங்கும். வகுப்பில் ஒரு குவளை தண்ணீரில் நான்கைந்து கரண்டி உப்பைக் கரைத்து, நீலச்சாயம் ஒரு துளி விட்டு, குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டில் இரவு முழுக்க வைத்தோம். காலையில் அது கல்லாக இல்லை. வெளுத்த பனித்தகடுகளுக்கு நடுவே கடும் நீலத்தில் கூழ் போன்ற நீர் நின்றது. வீட்டுப் பெட்டி மைனஸ் 18 பாகையளவில் நிற்கும். சோடியம் குளோரைட்டுக் கரைசல் முழுவதும் உறைய மைனஸ் 21 பாகைக்குக் கீழே போகவேண்டும்.

அப்படின்னா இது ஆனையிறவு உப்பளத்துல நடக்கிற மாதிரிதானே? வெயிலுக்குப் பதிலா குளிர்?

பாதி சரி. உப்பளத்திலும் இங்கேயும் தண்ணீர் விலகுகிறது, உப்பு செறிகிறது, கரைதிறன் குறைந்தது முதலில் படிகிறது. உப்பளத்து வரிசை உங்கள் பாடத்திலேயே இருக்கிறது. முதலில் கல்சியம் காபனேற்று, பிறகு ஜிப்சம் என்ற கல்சியம் சல்பேற்று, பிறகு நாம் சாப்பிடும் உப்பு, கடைசியில் மகனீசியம் நிறைந்த கசப்பு நீர்.

குளிரில் தொடக்கம் ஒன்றுதான், கல்சியம் காபனேற்று. அடுத்த படியில் பாதை பிரிகிறது. சோடியம் குளோரைட்டின் கரைதிறன் சூட்டுக்கும் குளிருக்கும் அதிகம் மாறாது. சோடியம் சல்பேற்றின் கரைதிறனோ குளிரில் சரசரவென்று விழும். அதனால் கடல்நீரை உறையவைத்தால் மைனஸ் 6 முதல் 8 பாகையளவிலேயே சோடியம் சல்பேற்று, பத்து நீர் மூலக்கூறுகளைக் கட்டிக்கொண்டு மிராபிலைட்டு என்ற கண்ணாடி போன்ற பளிங்காகப் படிந்துவிடும். மக்மேர்டோப் பகுதியில் ஹொப்ஸ் பனிக்கட்டியாற்றின் ஓரம் மிராபிலைட்டு பெரிய படிவாகவே கிடக்கிறது. வறண்ட காற்றில் அது நீரை இழந்து வெள்ளைப் பொடியாக உதிரும்.

சாப்பாட்டு உப்பு மைனஸ் 23 பாகைக்கு அருகில்தான் படியத் தொடங்கும். அப்போதும் தனியாக அல்ல, இரண்டு நீர் மூலக்கூறுகளோடு ஐதரோஹேலைட்டாகப் படியும். அதைச் சூடான அறைக்குக் கொண்டுவந்தால் நீரைக் கக்கிவிட்டுச் சாதாரண உப்பாகிவிடும். ஆகவே ஓர் அடையலில் மிராபிலைட்டைக் கண்டால் குளிர் வேலை செய்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். வெறும் ஜிப்சத்தையும் உப்பையும் கண்டால் ஆவியாதலையும் கணக்கில் எடுக்கவேண்டும்.

இதெல்லாம் பரீட்சைக்கு வருமா சேர்?

அந்தாட்டிக்கா வராது. கரைதிறன் பெருக்கம், உப்பு உற்பத்தியின் வீழ்படிவு வரிசை இரண்டும் பாடத்திட்டத்தில் இருக்கின்றன. முந்திய பதில் விளங்கியிருந்தால் அவற்றை மனப்பாடம் செய்யவேண்டியதில்லை.

மேல பனிக்கட்டி மூடியிருக்குதே, அப்புறம் அடியில அடையல் எப்படிச் சேருது?

காற்று மணலைக் கொண்டுவந்து பனிக்கட்டியின் மேல் போடும். கோடை வெயிலில் கறுத்த மணல் சூடேறி, தன் கீழே இருக்கும் கட்டியை உருக்கிக்கொண்டு மெல்ல இறங்கி, வெடிப்புகள் வழியாக அடிக்குப் போய்ச் சேரும். அடியில் நுண்ணுயிர்கள் பாய் விரித்தாற்போல் வளர்ந்திருக்கின்றன. அவை ஒளித்தொகுப்புச் செய்து காபனீரொட்சைட்டை எடுத்துக்கொள்வதால் நீரின் அமிலத்தன்மை குறைந்து, கல்சியம் காபனேற்று அவற்றின் மேலேயே படிகிறது. ஆகவே அங்குள்ள கல்சியம் காபனேற்று எல்லாம் குளிர் படிவித்தது என்று சொல்லிவிட முடியாது, உயிருள்ளவையும் படிவிக்கின்றன.

ஏரி வற்றிய காலங்களில் ஜிப்சமும் உப்பும் அடுக்காகப் படியும். தண்ணீர் திரும்பி வந்த காலங்களில் மணலும் சேறும் அதை மூடும். குழாயை இறக்கி அடையலை நெடுக எடுத்தால் இந்த அடுக்குகளைப் பழைய கணக்குப் புத்தகம்போல் வாசிக்கலாம். அமெரிக்கா, நியூசிலாந்து, ஜப்பான் மூன்று நாடுகளும் சேர்ந்து 1970களில் இந்தப் பள்ளத்தாக்குகளில் துளையிட்டு ஆராய்ந்திருக்கின்றன.

நைத்திரேற்று வானத்திலேயிருந்து விழுதுன்னு சொன்னீங்க. உரம் வானத்துல எப்படி?

காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைதரசன்தானே. அதன் ஒட்சைட்டுகள் மேல்வளிமண்டலத்தில் ஓசோனோடு தாக்கமுற்று நைத்திரிக்கமிலமாகின்றன. துருவக் குளிர்காலத்தில் அது பனித்துகள்களோடு சேர்ந்து கீழே இறங்குகிறது. இது ஊகம் அல்ல. ஓசோனிலுள்ள ஒட்சிசனில், 17 திணிவெண் கொண்ட சமதானியின் (ஒரே மூலகத்தின் நிறை வேறான அணுவின்) அளவு வழக்கத்துக்கு மாறாகக் கூடுதல். உலர் பள்ளத்தாக்கு மண்ணின் நைத்திரேற்றிலும் அதே அடையாளம் இருக்கிறது. பேர்குளோரேற்று என்ற உப்பும் அங்கே காணப்படுகிறது. செவ்வாயில் 2008இல் இறங்கிய பீனிக்ஸ் விண்கலம் அதே உப்பை அந்தக் கோளின் மண்ணில் கண்டது.

நம் மலையில் யூரியா போட்ட மறுநாள் அடைமழை பெய்தால் வயிறு எரியும், நைத்திரேற்று கானோடு போய்விடும். மிஞ்சியதைத் தேயிலை வேர் எடுத்துக்கொள்ளும். அங்கே மழையும் இல்லை, வேரும் இல்லை. அதனால் கடலை விட்டு உள்ளே, உயரமான பழைய மண்ணில் நைத்திரேற்று சேர்ந்துகொண்டே போகிறது. கரையோரத்து மண்ணில் குளோரைட்டின் ஆட்சி. இந்த இட மாற்றமே உப்பு எந்த வாசலால் வந்தது என்பதற்கு ஒரு சாட்சி.

கடலுப்புன்னா சோடியம் குளோரைட்டுதானே? அந்தக் குட்டையில மட்டும் ஏன் கல்சியம் குளோரைட்டு?

ஆரம்பத்தில் சொன்ன படத்திலிருந்த டொன் ஜுவான் குட்டையைப் பற்றிய கேள்வி இது. 1961இல் டொன் ரோ, ஜோன் ஹிக்கி என்ற இரண்டு ஹெலிகொப்டர் விமானிகள் கண்டார்கள், பெயரும் அவர்களுடையதே. ஆழம் கணுக்காலளவுதான். 100 கிராம் கரைசலில் ஏறத்தாழ 40 கிராம் உப்பு, ஆண்டுக்காண்டு கூடிக் குறையும். அந்த உப்பில் பத்தில் ஒன்பது பங்குக்குக் குறையாமல் கல்சியம் குளோரைட்டு. மைனஸ் 50 பாகையளவு வரை அது உறையாது.

கடல்நீரில் சோடியம் மிக அதிகம், கல்சியம் கொஞ்சம். இந்தக் கணக்கு தலைகீழாவதற்கு இரண்டு வேலைகள் நடக்கவேண்டும். ஒன்று, உப்புநீர் மண்ணுக்குள் ஊரும்போது துணிக்கைகளின் மேற்பரப்பு சோடியத்தைப் பிடித்துக்கொண்டு கல்சியத்தை விடுகிறது. கற்றயன் பரிமாற்றம் என்பது இதுதான். பாறையிலிருந்து வந்த கல்சியமும் கடலிலிருந்து வந்த குளோரைட்டும் ஒரே நீரில் சந்திப்பது இப்படித்தான். இரண்டாவது, உப்பளக் கேள்வியில் சொன்ன வரிசை. சல்பேற்று மிராபிலைட்டாகப் போய்விட்டது, காபனேற்று அதற்கு முன்பே போய்விட்டது, சோடியமும் குளிரில் பெருமளவு படிந்துவிட்டது. கடைசிவரை உறையாமல் கரைசலில் நிற்கக்கூடியது கல்சியம் குளோரைட்டு. ஆறு நீர் மூலக்கூறுகளோடு அது பளிங்காகும்போது கிடைக்கும் கனிமத்தை 1965இல் இந்தக் குட்டையிலிருந்துதான் அறிவித்தார்கள். அந்தாட்டிசைட்டு என்று கண்டத்தின் பெயரையே வைத்தார்கள்.

ஒரே பள்ளத்தாக்குல ஒரு ஏரி உப்பு, பக்கத்து ஏரி நல்ல தண்ணியாமே?

ஆம், டெய்லர் பள்ளத்தாக்கில். பொனி ஏரியின் அடிநீர் கடல்நீரைவிடப் பல மடங்கு உப்பு, கிழக்குப் பகுதியின் தரையில் மேலே சொன்ன ஐதரோஹேலைட்டே கிடக்கிறது. மேற்குப் பகுதிக்கு, டெய்லர் பனிக்கட்டியாற்றின் அடியிலிருந்து இரும்பு நிறைந்த பழைய கடல்நீர் கசிகிறது. வெளியே வந்து காற்றுப் பட்டதும் இரும்பு துருவேறிச் சிவக்கும். இரத்த நீர்வீழ்ச்சி என்று படங்களில் பார்ப்பது அதுதான். ஹோர் ஏரியோ ஒரு பனிக்கட்டியாறு அணைபோல் குறுக்கே நிற்பதால் தேங்கியது. வயது குறைவு, பழைய கடலின் பங்கும் இல்லை. அதனால் நன்னீர்.

வண்டா ஏரியின் அடியில சுடுதண்ணியாமே? எரிமலையா?

எரிமலை இல்லை, வெயில். அடிநீர் ஏறத்தாழ 23 பாகை. நுவரெலியாவில் பகலில் கிடைக்கும் சூட்டைவிடக் கூடுதல். தெளிந்த பனிக்கட்டி வழியாக இறங்கும் ஒளி அடியைச் சூடாக்குகிறது. சாதாரண ஏரியில் சூடான நீர் மேலே எழும்பும். இங்கே அடிநீரில் கல்சியம் குளோரைட்டு கரைந்து பாரமாக இருப்பதால் எழும்ப முடியாமல் சூட்டைப் பிடித்து வைத்திருக்கிறது.

அந்த உப்பு கீழிருந்து மேலே மிக மெதுவாகப் பரவிவருகிறது. தேநீரைக் கலக்காமல் விட்டால் அடிச்சீனி மெல்ல மேலேறுமே, அதுபோல. எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதை வைத்து வில்சன் என்ற ஆய்வாளர் 1964இல் காலத்தைக் கணக்கிட்டார். ஏறத்தாழ 1200 ஆண்டுகளுக்கு முன் ஏரி வற்றிச் சிறு உப்புக்குட்டையாகச் சுருங்கியிருந்தது, பிறகுதான் நன்னீர் வந்து மேலே நின்றது என்பது அவர் கண்ட விடை.

ஒரு பிடி உப்பைக் கொடுத்தா இது கடல், இது பாறைன்னு பிரிச்சுச் சொல்ல முடியுமா?

ஒரே சோதனையால் முடியாது, பலவற்றைச் சேர்த்தால் பெருமளவு முடியும். கடல்நீரில் குளோரைட்டுக்கும் புரோமைட்டுக்கும் நிறையில் ஏறத்தாழ 290க்கு 1 என்ற விகிதம். உப்பு படியும்போது புரோமைட்டு நீரிலேயே தங்கிவிடும். ஆகவே விகிதம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது, இது படிந்த உப்பா, மிச்ச நீரா என்று சொல்லும். கந்தகத்தின் சமதானிகள் கடல் சல்பேற்றையும் பாறைச் சல்பேற்றையும் பிரித்துக்காட்டும். ஸ்ரோந்தியம் கல்சியத்தின் கூட்டாளி, கல்சியம் போகுமிடமெல்லாம் போகும். கடல்நீரில் ஸ்ரோந்தியம் 87க்கும் 86க்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ 0.709. வண்டா ஏரியில் அது தெளிவாகக் கூடுதல். அங்குள்ள கல்சியம் பெரும்பாலும் பாறையின் பிள்ளை என்ற முடிவுக்கு இது வலுவான காரணம்.

அந்தக் குட்டைக்குத் தண்ணி எங்கேயிருந்துதான் வருது? ஆறும் இல்ல, மழையும் இல்லையே?

இதில் ஆய்வாளர்களே இரண்டு பக்கம். 2013இல் வெளியான ஆய்வில், டொன் ஜுவான் குட்டையை ஆயிரக்கணக்கான படங்களாகத் தொடர்ந்து எடுத்துப் பார்த்தார்கள். காற்றில் ஈரம் கூடும் நேரங்களில் பக்கத்துச் சரிவின் மண்ணில் கறுத்த ஈரத்தடங்கள் தோன்றின. மண்ணிலுள்ள கல்சியம் குளோரைட்டு காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தானே கரைந்து ஊர்கிறது, அதுவே குட்டைக்கு உப்பைக் கொடுக்கிறது என்றார்கள். 2017இல் வந்த இன்னொரு ஆய்வு, குட்டையின் இரசாயனச் சேர்க்கைக்கு ஆழத்து நிலத்தடி நீரே பொருந்துகிறது என்றது. எனக்கு இரண்டாவது பக்கம் வலுவாகப்படுகிறது. கரைசலின் சேர்க்கையை விளக்காத விடை எனக்குப் போதாது.

ஆனால் முதல் பக்கத்தார் சொன்ன நிகழ்ச்சி உண்மையானது. தலவாக்கலையில் ஆடி மாதம் மழையும் மூட்டமும் விடாமல் பிடிக்கும்போது அடுப்படியில் உப்புச் சிரட்டையைப் பாருங்கள். யாரும் தண்ணீர் ஊற்றியிருக்க மாட்டார்கள், அடியில் நீர் நிற்கும். கல்லுப்பில் ஒட்டியிருக்கும் மகனீசியம் குளோரைட்டு காற்றிலிருந்து இழுத்த நீர் அது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் உப்புக்குப் பின்னால் ஒரு கசப்புத் தெரியும்.